ஸ்லிப்பர் ஆர்க்கிட் எப்போது பூக்கும்? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழின் கேள்விகள் எல்லாமே ஸ்லிப்பர் ஆர்க்கிட் பற்றியவை. பை போல உப்பிய கீழிதழ் கொண்ட இந்தக் கூட்டத்தில் வீடுகளில் அதிகம் வளர்க்கப்படுவது ஆசியாவைச் சேர்ந்த பாஃபியோபெடிலம். வளர்ப்பவர்கள் அதைச் சுருக்கமாக ‘பாஃப்’ என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

கேள்வி: பூவோடு வாங்கிய பாஃப் செடி. பூ உதிர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இலைகள் நன்றாக இருக்கின்றன. பழைய பூந்தண்டு இருந்த இடத்தில் மறுபடி மொட்டு வரும் என்று காத்திருக்கிறேன். வருமா?

அந்த இடத்தில் வராது. பாஃபில் விசிறி போல விரிந்த ஒவ்வொரு இலைக்கொத்தும் தனிக் கன்று. ஒரு கன்று ஒரே ஒரு முறைதான் பூக்கும். வாழை ஒரு முறை குலை தள்ளிவிட்டுப் பக்கக் கன்றிடம் பொறுப்பைக் கொடுப்பது போலத்தான் இதுவும். ஆனால் வாழையில் தாய்மரத்தை வெட்டிவிடுவோம், இதில் வெட்டவே கூடாது. பாஃபுக்கு மற்ற பல ஆர்க்கிட்களைப் போல உணவும் நீரும் சேமித்துவைக்கும் குமிழ்த்தண்டு கிடையாது. பூத்து முடிந்த கன்றின் இலைகள்தான் அடுத்த கன்றுக்குச் சேமிப்பு. அவை இன்னும் 2, 3 வருடம் உயிரோடிருந்து உணவு கொடுக்கும்.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது செடியின் அடிப்பகுதியை. தொட்டியில் மண்ணுக்குப் பதிலாக உள்ள கலவையை மேலே விரல் நுனியால் மெல்ல விலக்கிப் பாருங்கள். பழைய கன்றின் பக்கத்தில் புதுக் கன்று இருந்தால், அதன் இலை விரிவு தாய்க்கன்றின் அளவை நெருங்கிவிட்டதா என்று கவனியுங்கள். ஏறக்குறைய அதே அளவு வந்த பிறகுதான் மொட்டு வரும். புள்ளியிலை கொண்ட மாடியே வகைக் கலப்பினங்களுக்கு இதற்கு 10 முதல் 14 மாதம் ஆகும். உருண்டைப் பெரும்பூ தரும் பச்சையிலைக் கலப்பினங்களுக்கு ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம். ஒரே தண்டில் பல பூ விரிக்கும் ரோத்ஸ்சைல்டியானம் போன்றவற்றுக்கு 2, 3 வருடம்கூட ஆகும்.

ஒன்றரை வருடத்தில் பக்கக் கன்றே தலைகாட்டவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். கன்று வராததற்குப் பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். வேர் நன்றாக இருந்தால் அடுத்த சந்தேகம் வெளிச்சம்.

கேள்வி: கன்று பூக்கத் தயாராகிவிட்டதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

குருத்தை மேலிருந்து பாருங்கள். வளர்ந்துகொண்டிருக்கும் கன்றில் நடு இலைகள் ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும். மொட்டு உருவாகும்போது நடுப்பகுதி சற்று விலகும், கடைசியாக வந்த இலை மற்றவற்றைவிடக் குட்டையாக நின்றுவிடும். அதன் நடுவே தட்டையாக, மடித்த காகிதம் போல ஒரு பச்சை உறை எழும். ஒரு கைவிளக்கை உறைக்குப் பின்னால் பிடித்தால் உள்ளே அரிசியளவு மொட்டின் நிழல் தெரியும்.

உறை தெரிந்ததும் பூ அடுத்த வாரம் வந்துவிடாது. மாடியே வகையில் உறையிலிருந்து மலர் விரிய 2 முதல் 4 மாதம். மாலிபோயென்சே என்ற பச்சைப் பூ இனம் இதில் தனி ரகம். இலையுதிர் காலத்தில் மொட்டைக் காட்டிவிட்டு, குளிர்காலம் முழுவதும் தண்டை மெல்ல நீட்டி, வசந்தத்தில்தான் விரியும். இந்தக் காத்திருப்பில் பலர் செய்யும் தவறு, உறையை நகத்தால் பிரித்துப் பார்ப்பது. பிரித்த இடத்தில் தண்ணீர் புகுந்து மொட்டு அழுகும். தொடவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் இரவு வெப்பம் வருடம் முழுவதும் 20 டிகிரிக்கு மேலேயே இருக்கிறது. நான் வளர்க்கும் இன்சிக்னே நன்றாகத் தழைக்கிறது, பூப்பதில்லை. உரத்தை மாற்றலாமா?

உரத்தால் இது தீராது. இன்சிக்னே, வில்லோசம், ஸ்பைசெரியானம் போன்றவை மலைக் குளிரில் வளர்பவை. இலையுதிர் காலத்தில் சில வாரங்களாவது இரவு வெப்பம் 10 முதல் 13 டிகிரி வரை இறங்கினால்தான் மொட்டுக் கட்டும். அந்தக் குளிர் கிடைக்காத இடத்தில் இலை மட்டும் போட்டுக்கொண்டே இருக்கும். இவற்றின் ரத்தம் கலந்த உருண்டைப் பூக் கலப்பினங்களும் ஏறக்குறைய அப்படியே.

உங்கள் வெப்பநிலைக்குப் பொருத்தமான செடியை வாங்குவதே சரியான வழி. மாடியே வகையில் தொடங்குங்கள். கலோசம், லாரன்சியானம் என்ற இரு இனங்களைக் கலந்து 1900-இல் பதிவான கலப்பினம் அது. இன்றுவரை புதியவர்களுக்கு இதைவிட நம்பகமான பாஃப் இல்லை என்பது எங்கள் கருத்து. இரவு 18 முதல் 22, பகல் 25 முதல் 30 டிகிரியில் குளிர்காலக் குளிர் எதுவும் கேட்காமல் பூக்கும். அடுத்து லோவியை, பிலிப்பினென்சே, நிவியம், எக்சுல் ஆகியவை வெப்பத்தைத் தாங்கும். அர்மேனியாக்கம், மைக்ராந்தம் இரண்டும் படத்தில் மனதை அள்ளும். ஆனால் இரண்டும் குளிர்ந்த, ஓரளவு உலர்ந்த குளிர்காலம் கேட்பவை. உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

கேள்வி: நிழல் செடி என்று சொன்னதால் அறையின் உள்மூலையில் வைத்திருக்கிறேன். போதுமா?

போதாது. ‘குறைந்த வெளிச்சச் செடி’ என்ற பேச்சு பாஃபுக்குச் செய்திருக்கும் கெடுதல் கொஞ்சமல்ல. நேர் வெயில் வேண்டாம் என்பது உண்மை. ஆனால் மூலை இருட்டில் செடி சாகாமல் இருக்கும், பூக்காது.

புள்ளியிலை வகைகளுக்கு 8,000 முதல் 12,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), பச்சையிலை ஒற்றைப்பூ வகைகளுக்கு 12,000 முதல் 18,000 லக்ஸ், ஒரு தண்டில் பல பூ பூக்கும் வகைகளுக்கு 20,000 முதல் 30,000 லக்ஸ் தேவை. கைப்பேசியில் உள்ள ஒளியளவுச் செயலிகள் துல்லியமானவை அல்ல. ஆனாலும் 2,000-க்கும் 10,000-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிவிடும். கருவியே வேண்டாம் என்றால் நடுப்பகலில் இலைக்கு 30 செ.மீ. மேலே கையை நீட்டுங்கள். ஓரம் மங்கலான, ஆனால் கை என்று அடையாளம் தெரிகிற நிழல் விழுந்தால் சரி. நிழலே விழவில்லை என்றால் வெளிச்சம் குறைவு, கத்தியால் வெட்டியது போலக் கூர்மையாக விழுந்தால் அதிகம்.

இலையும் சொல்லும். கரும்பச்சையாக, நீண்டு தொய்ந்தால் வெளிச்சம் பற்றவில்லை. மஞ்சள் ஓடிய வெளிர்பச்சையாகி, தொட்டால் சூடாக இருந்தால் செடியை உள்ளே தள்ளுங்கள். காலை வெயில் மட்டும் படும் கிழக்கு ஜன்னல் மிக நல்ல இடம். ஜன்னல் இல்லாதவர்கள் எல்இடி விளக்கைத் தினமும் 12 முதல் 14 மணி நேரம் எரிய விடலாம். அளவை விளக்கின் அடியில் அல்ல, இலை இருக்கும் உயரத்தில் பாருங்கள்.

கேள்வி: தொட்டி மாற்றினால் பூப்பது தள்ளிப்போகும் என்று 3 வருடமாகத் தொடாமல் வைத்திருக்கிறேன். இப்போது செடி ஆடுகிறது. என்ன கலவை, எப்படி நடுவது என்று விரிவாகச் சொல்லுங்கள்.

மற்ற ஆர்க்கிட்களுக்கான அந்த அறிவுரை பாஃபுக்கு நேர் எதிராக வேலை செய்யும். பாஃபின் வேர்கள் எண்ணிக்கையில் குறைவு. பழுப்பு நிறம், மேலே பூனைமயிர் போன்ற ரோமம். இவை கலவைக்குள்ளேயே ஈரத்திலும் காற்றிலும் வாழ்பவை. மரப்பட்டை மக்கத் தொடங்கியதும் காற்றிடம் அடைபட்டு, புளிப்பு ஏறி, முதலில் சாவது வேர்தான். அதனால் வருடத்துக்கு ஒரு முறை, தள்ளிப்போட்டால் அதிகபட்சம் 18 மாதத்துக்கு ஒரு முறை கலவையை மாற்றுங்கள். பூ முடிந்து புதுக் கன்று வேர்விடும் நேரம் மிக நல்லது. ஆனால் கலவை மக்கிவிட்டால் காலம் பார்க்க வேண்டாம், மொட்டு இருந்தாலொழிய உடனே மாற்றுங்கள்.

கலவை: 6 முதல் 10 மி.மீ. அளவு பைன் அல்லது ஃபிர் மரப்பட்டைத் துண்டு 6 பங்கு, பெரிய துகள் பெர்லைட் (எடை குறைந்த வெள்ளை எரிமலைக்கல் துகள்) 2 பங்கு, பட்டாணியளவு மரக்கரி 1 பங்கு. வீடு வறட்சியாக இருந்தால் நறுக்கிய ஸ்பேக்னம் பாசி 1 பங்கு சேர்க்கலாம். சிறு நாற்றுகளுக்குப் பட்டை 3 முதல் 6 மி.மீ. போதும். பட்டையை முந்தின இரவே தண்ணீரில் ஊறப்போடுங்கள். உலர்ந்த பட்டை தண்ணீரை உள்ளே விடாமல் தள்ளிவிடும், மேலே நனைந்தது போலத் தெரியும் தொட்டி உள்ளே வறண்டு கிடக்கும். மரப்பட்டைக்குப் பதில் தேங்காய் மட்டைச் சில்லு பயன்படுத்துவோர், அதை 24 மணி நேரம் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி, பழுப்பு நிறம் இறங்குவது நிற்கும் வரை குறைந்தது 3 முறை அலச வேண்டும். அதில் ஒளிந்திருக்கும் உப்பு வேர் நுனியைக் கருக்கும்.

சுண்ணாம்புப் பாறையில் வளரும் நிவியம், பெல்லாட்டுலம், கான்கலர் போன்றவற்றுக்கு 10 செ.மீ. தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி நொறுக்கிய சிப்பி ஓடு கலந்துவிடுங்கள். மாடியே வகைக்கு அது தேவையில்லை.

நடும்போது செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பழைய கலவையை உதிர்த்து, வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள். பழுப்பு நிறத்தைப் பார்த்து வேர் செத்தது என்று வெட்டிவிடாதீர்கள். விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் உயிருள்ளது. தோல் உருவிக்கொண்டு உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் செத்தது, அதை மட்டும் வெட்டுங்கள். உயிருள்ள வேரை வளைக்கவும் வேண்டாம். எளிதில் ஒடியும், முனை ஒடிந்த வேர் பெரும்பாலும் மேலே நீளாது.

தொட்டி சிறியதாக இருக்கட்டும். ஒன்றிரண்டு கன்றுள்ள செடிக்கு 8 முதல் 10 செ.மீ. வாயுள்ளது போதும். பெரிய தொட்டியின் நடுப்பகுதி உலராமல் கிடந்து வேரை அழுகவைக்கும். வேர் தெரியும் ஒளிபுகு பிளாஸ்டிக் தொட்டி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

இப்போது மிக முக்கியமான இடம்: ஆழம். செடியின் அடி, கலவையின் மேல்மட்டத்துக்கு 1 செ.மீ. கீழே இருக்க வேண்டும். பாஃப் ஒவ்வொரு புதுக் கன்றையும் முந்தியதைவிடச் சற்று மேலே வைத்துக்கொண்டே போகும். புது வேர் கன்றின் அடியிலிருந்துதான் கிளம்பும். அது ஈரக் கலவையைத் தொடாமல் காற்றில் நின்றால் ஓரிரு செ.மீ. நீண்டு காய்ந்துவிடும். உங்கள் செடி ஆடுவதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். அதே சமயம் இலைகள் பிரியும் இடத்தைப் புதைத்துவிடக் கூடாது, அங்கே அழுகல் பிடிக்கும். நட்டபின் தொட்டியைத் தட்டித் தட்டிக் கலவையை இறக்குங்கள், விரலால் குத்தி இறுக்க வேண்டாம். செடி அசையாமல் நிற்க வேண்டும். நின்றால் அன்றே தண்ணீர் விடலாம்.

கேள்வி: வாரத்துக்கு எத்தனை முறை தண்ணீர்?

நாள் கணக்கில் பதில் சொன்னால் யாராவது ஒருவருடைய செடி செத்துப்போகும். கலவை முழுவதும் காய்ந்துவிடவும் கூடாது, சொதசொதவென்று நிற்கவும் கூடாது. தண்ணீர் விட்டதும் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். அந்த எடையில் பாதிக்கு வந்ததும் மறுபடி விடுங்கள். 10 செ.மீ. தொட்டிக்கு இது சாதாரணமாக 4 முதல் 6 நாளில் நேரும். ஐயமிருந்தால் ஒரு மூங்கில் குச்சியை நடுவில் செருகி 10 நிமிடம் கழித்து எடுங்கள். குச்சி கருத்து ஈரமாக இருந்தால் ஒரு நாள் பொறுங்கள்.

விடும்போது அடியில் ஒழுகும் வரை தாராளமாக விடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது உப்பைக் கலவையிலேயே தங்கவைக்கும். காலையில் விட்டால் குருத்தில் நின்ற நீர் மாலைக்குள் காய்ந்துவிடும். காயாமல் நின்றால் காகிதச் சுருளால் உறிஞ்சி எடுங்கள்.

தண்ணீரின் தரம் இங்கே பெரிய விஷயம். கரைந்த உப்பின் அளவு 200 பிபிஎம்-க்குள் (பத்து லட்சம் பங்கில் 200 பங்குக்குள்) இருந்தால் நிம்மதி. 400-ஐத் தாண்டினால் இலை நுனி கருகத் தொடங்கும், வேர் அதற்கு முன்பே கருகியிருக்கும். மழைநீர் மிக நல்லது. சுத்திகரிப்பு இயந்திரத்தில் வரும் ஆர்ஓ தண்ணீரும் நல்லதே, ஆனால் அதில் கால்சியமும் மக்னீசியமும் இருக்காது, இரண்டும் உள்ள உரத்தைச் சேர்த்தாக வேண்டும். உப்புப் போட்டுக் கடினத்தன்மையை நீக்கும் கருவியின் தண்ணீரை மட்டும் ஒருபோதும் விடாதீர்கள். அதில் சோடியம் ஏறியிருக்கும்.

கேள்வி: மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகமுள்ள ‘பூக்கும் உரம்’ போட்டால் சீக்கிரம் மொட்டு வருமா?

வராது. முதிராத கன்றை எந்த உரமும் பூக்கவைக்காது. பாஃப் மெதுவாக உண்ணும் செடி. நைட்ரஜன், மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் சம அளவில் உள்ள 20-20-20 உரமாக இருந்தால் ஒரு லிட்டருக்குக் கால் கிராம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். அதில் 50 பிபிஎம் நைட்ரஜன் கிடைக்கும். மாதத்துக்கு ஒரு முறை உரமில்லாத தண்ணீரை, தொட்டியின் கொள்ளளவைப் போல 3, 4 மடங்கு ஊற்றி அலசிவிடுங்கள். கலவை மேல் வெள்ளைப் படிவு தெரிந்தால் அலசல் போதவில்லை என்று பொருள்.

கேள்வி: மொட்டு நன்றாக வளர்ந்து, விரிவதற்குப் பத்து நாள் இருக்கும்போது பழுத்துக் காய்ந்துவிட்டது. இது இரண்டாவது முறை.

மொட்டு காய்வதற்கு ஒற்றைக் காரணம் இல்லை. அதனால் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் வேர். செடியின் மிச்ச உறுப்புகள் எல்லாம் தாக்குப்பிடிக்கும்போது முதலில் கைவிடப்படுவது மொட்டுதான். வேர் பாதி போன செடி மொட்டை உறையிலிருந்து வெளியே கொண்டுவரும், பிறகு தண்ணீர் ஏற்ற முடியாமல் விட்டுவிடும். அடுத்து ஒரு முறை முழுவதும் காயவிட்டீர்களா? மொட்டுக் காலத்தில் ஒரே ஒரு வறட்சி போதும். மூன்றாவது, காற்றின் ஈரப்பதம். 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, குளிர்சாதனக் காற்றோ சூடேற்றியின் காற்றோ நேராகப் படும் இடமா என்று பாருங்கள். நான்காவது, பழம். பழுக்கும் ஆப்பிளும் வாழைப்பழமும் விடும் எத்திலீன் வாயு மொட்டை முதிரவைத்துக் கொன்றுவிடும். சமையலறையில் எரிவாயுக் கசிவும் அதே வேலையைச் செய்யும். கடைசியாக, மொட்டின் மேல் தண்ணீர் தெளித்தீர்களா?

இவை எதுவும் இல்லை என்றால் மொட்டின் அடியில் உள்ள சிறு மடலைத் தூக்கிப் பாருங்கள். மாவுப்பூச்சி ஒளிந்துகொள்ள மிகவும் விரும்பும் இடம் அது. 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்துத் துடையுங்கள். முட்டையிலிருந்து புதியவை வரும் என்பதால் 7 முதல் 10 நாள் இடைவெளியில் மூன்று முறை செய்ய வேண்டும்.

மொட்டு வந்தபின் தொட்டியைத் திருப்பாதீர்கள். பூ வெளிச்சத்தை நோக்கித் தன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நடுவில் நாம் திருப்பினால் கழுத்து முறுகி, பூ கோணலாக விரியும். தொட்டியின் ஒளிப்பக்கத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள், தண்ணீர் விட எடுத்தாலும் அதே பக்கமாக வைக்கலாம். தண்டைக் குச்சியில் கட்டுவதும் மொட்டு பாதி வளர்ந்திருக்கும்போதே நடக்கட்டும்.

கேள்வி: குருத்தின் அடியில் தண்ணீர் கோத்தது போல ஒரு பழுப்புப் புள்ளி. இரண்டு நாளில் இலை முழுவதும் பரவியது. காப்பாற்ற முடியுமா?

முடியும், ஆனால் இன்றே. இது பாக்டீரியா அழுகல், பெரும்பாலும் எர்வீனியா. மணிக்கணக்கில் பரவும். செடியை மற்றவற்றிடமிருந்து பிரியுங்கள். நெருப்பில் காட்டி ஆறிய பிளேடால் அழுகலுக்கு 1 முதல் 2 செ.மீ. தள்ளி, நல்ல திசுவில் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடை மறுபடி நெருப்பில் காட்ட வேண்டும். குருத்தே அழுகியிருந்தால் அந்தக் கன்று பிழைக்காது. அதை அடியோடு வெட்டி மற்றக் கன்றுகளைக் காப்பாற்றுங்கள். வெட்டிய இடத்தில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு முறை ஊற்றி, உலர்ந்தபின் இலவங்கப்பட்டைத் தூளைத் தூவலாம். தூள் வேரில் படக் கூடாது, வேரையும் உலர்த்திவிடும். பிறகு ஒரு வாரம் குருத்தை நனைக்காமல் பக்கத்திலிருந்து தண்ணீர் விடுங்கள், சிறு மின்விசிறி ஓடட்டும். அழுகல் வருவது பெரும்பாலும் சூடும் தேங்கிய நீரும் அசையாத காற்றும் சேர்ந்த நாளில்தான். ஆகவே விசிறிதான் நிலையான மருந்து.

மிகக் கீழே உள்ள பழைய இலை ஒன்று மெல்ல மஞ்சளாவது நோய் அல்ல. அது வயது. தானாகக் கழன்றுவரும் வரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: எல்லா வேரும் போய்விட்டது. இலைகள் சுருங்கி இருக்கின்றன. தூக்கி எறியலாமா?

குருத்து கெட்டியாக இருக்கும் வரை வேண்டாம். செத்த வேர்களை நீக்கி, 5, 6 செ.மீ. தொட்டியில், பிழிந்தால் சொட்டாத அளவு ஈரமான ஸ்பேக்னம் பாசியில் தளர்வாக நடுங்கள். மூடிய ஒளிபுகு பெட்டிக்குள் வைத்து, தினமும் 10 நிமிடம் திறந்து காற்றோட்டம் கொடுங்கள். வெப்பம் 22 முதல் 25 டிகிரி, வெளிச்சம் 5,000 லக்ஸ் போதும். உரம் வேண்டாம். புது வேர் வர 2 முதல் 4 மாதம் ஆகும். வாரத்துக்கு ஒரு முறை பிடுங்கிப் பார்த்தால் அதுவும் வராது. வேர் 3 செ.மீ. நீண்டபின் வழக்கமான கலவைக்கு மாற்றலாம். இப்படிப் பிழைத்த செடியிடம் அடுத்த வருடமே பூ எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: ஆறு கன்றுள்ள செடியைப் பிரித்து ஆறு தொட்டி ஆக்கலாமா?

ஆக்கலாம், பூவுக்கு இரண்டு மூன்று வருடம் விடைகொடுத்துவிட்டு. ஒற்றைக் கன்று தனியாகத் தன் வேரை மீட்டெடுக்கவே நீண்ட நாள் பிடிக்கும். பிரித்தே தீர வேண்டுமென்றால் இரண்டு பாகமாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் பூத்த பழைய கன்று ஒன்றும், வளரும் கன்று ஒன்றும் சேர்த்துக் குறைந்தது 3 கன்று இருக்கட்டும், சொந்த வேரும் இருக்கட்டும். தொட்டி மாற்றும்போது கையால் லேசாக அசைத்ததும் தானாகப் பிரிவதுதான் நல்ல பிரிவு. கத்தி தேவைப்பட்டால் இன்னும் நேரம் வரவில்லை. இடம் இருந்தால் பிரிக்காமலே வளருங்கள் என்போம். கன்று பெருகப் பெருக ஒரே சமயத்தில் மூன்று நான்கு பூ விரியும். பாஃப் அப்போதுதான் தன் முழு அழகைக் காட்டும்.

கேள்வி: பினோக்கியோ என்ற பாஃப் வாங்கினேன். ஒரு பூ விரிந்து உதிர்ந்தது, தண்டை வெட்டிவிட்டேன். சரியா?

அவசரப்பட்டுவிட்டீர்கள். பினோக்கியோ, ப்ரிமுலினம், கிளாக்கோஃபில்லம் முதலியவை ஒரு தண்டிலேயே ஒன்றன்பின் ஒன்றாகப் பூப்பவை. ஒரு பூ உதிரும் முன்பே தண்டு நுனியில் அடுத்த மொட்டு தயாராகும். ஒரே தண்டு பல மாதம், சில சமயம் ஒரு வருடத்துக்கு மேலும் தொடரும். நுனி பழுத்துக் காயும் வரை வெட்டக் கூடாது. ஒற்றைப்பூ வகைகளில் பூ 6 முதல் 10 வாரம் நிற்கும், அது உதிர்ந்ததும் தண்டை அடியில் வெட்டிவிடலாம்.

கேள்வி: மற்ற ஆர்க்கிட் மலிவாகக் கிடைக்கும்போது பாஃப் மட்டும் ஏன் இவ்வளவு அரிது? காட்டிலிருந்து கொண்டுவந்தது என்று ஒருவர் குறைந்த விலைக்குத் தருகிறார்.

கடைகளில் அதிகம் காணும் ஃபெலனாப்சிஸ் போன்ற ஆர்க்கிட்கள் திசு வளர்ப்பில் ஒரு செடியிலிருந்து ஆயிரக்கணக்கில் நகல் எடுக்கப்படுகின்றன. பாஃப் இதுவரை அந்த முறைக்கு வணிக அளவில் வசப்படவில்லை. விதையிலிருந்தோ கன்று பிரித்தோதான் பெருக்க வேண்டும். தூசி போன்ற அந்த விதையில் முளைக்குத் தேவையான உணவுச் சேமிப்பு இல்லை. ஆய்வகக் குடுவையில் ஊட்டக்கூழ் மேல் முளைக்கவைக்கிறார்கள். குடுவையிலிருந்து வெளிவந்தபின் மாடியே வகைக்கு 2 முதல் 4 வருடம், ரோத்ஸ்சைல்டியானத்துக்கு 7 முதல் 10 வருடம் அல்லது அதற்கு மேல் முதல் பூவுக்குக் காத்திருக்க வேண்டும். விலை அந்த வருடங்களுக்கானது. விதைச் செடி என்பதால் ஒரே காயில் பிறந்த இரண்டு செடிகூட ஒரே மாதிரி பூக்காது. முதல் பூவைக் காண்பதில் உள்ள ஆவல் அதனால்தான் இத்தனை.

காட்டுச் செடியை வாங்காதீர்கள். பாஃபியோபெடிலம் பேரினம் முழுவதும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. காட்டிலிருந்து எடுத்ததை நாடு விட்டு நாடு விற்பதற்கு அனுமதியில்லை. வியட்நாமென்சே என்ற இனம் 1999-இல் விவரிக்கப்பட்டது. அடுத்த சில வருடங்களிலேயே அதன் காட்டிடம் ஏறக்குறைய முழுவதும் சுரண்டப்பட்டுவிட்டது. தென்னிந்தியாவின் ஒரே பாஃப் ஆன ட்ரூரியை அகத்தியமலைப் பகுதியில் மட்டுமே வளர்வது. மஞ்சள் பூ, இதழ் நடுவில் கரும்பழுப்புக் கோடு. அதுவும் சேகரிப்பாளர்களாலும் காட்டுத்தீயாலும் அழிவின் விளிம்பில் நிற்கிறது. இதைத் தவிரக் காட்டுச் செடி வேர் அறுந்து, பூச்சியோடு வரும், பெரும்பாலும் வீட்டில் பிழைக்காது.

நாற்றங்காலில் வாங்கும்போது ஒரு கன்றாவது பூத்த அடையாளம் உள்ள, இரண்டு மூன்று கன்றுச் செடியாகப் பாருங்கள். இலைக்கொத்தைப் பிடித்து மெல்ல அசையுங்கள். தொட்டியும் சேர்ந்து அசைந்தால் வேர் பிடித்திருக்கிறது, செடி மட்டும் ஆடினால் விட்டுவிடுங்கள். பெயர்ப்பட்டை இல்லாத செடியைத் தவிர்ப்பது நல்லது. பெயர் தெரியாவிட்டால் அதற்குக் குளிர் வேண்டுமா, வெப்பம் வேண்டுமா என்பதே தெரியாது.

கேள்வி: ஃபிராக்மிபீடியத்தைத் தண்ணீர்த் தட்டில் வைக்கலாம் என்கிறார்கள். பாஃபுக்கும் அப்படிச் செய்யலாமா?

பாஃபுக்கு வேண்டாம், அழுகிவிடும். ஃபிராக்மிபீடியம் மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த உறவு. பல இனங்கள் ஓடைக்கரையிலும் நீர் கசியும் பாறையிலும் வளர்பவை. 1 முதல் 2 செ.மீ. தண்ணீர் உள்ள தட்டில் தொட்டியை நிறுத்தலாம். தட்டுத் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றி, மேலிருந்தும் ஊற்றி அலசிக்கொண்டிருக்க வேண்டும். உப்பு விஷயத்தில் இது பாஃபைவிடக் கண்டிப்பானது. 100 பிபிஎம்-ஐ ஒட்டிய தண்ணீர் இல்லையென்றால் இலை நுனி பழுப்பாவதை நிறுத்த முடியாது. வெளிச்சமும் 15,000 முதல் 25,000 லக்ஸ் வேண்டும். செந்நிற பெசியே குளிர்ச்சி விரும்பும். சூடான வீட்டுக்கு லாங்கிஃபோலியமும் அதன் கலப்பினமான செடேனியும் ஏற்றவை. இவற்றின் பூ வாடாமலே, புதிதாக இருக்கும்போதே முழுதாக உதிரும். அதைப் பார்த்துச் செடிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று இடத்தை மாற்றிவிடாதீர்கள், அடுத்த மொட்டு அதே தண்டில் வந்துகொண்டிருக்கும்.